பாரத்தோடு மலையேறி வந்த லாரி

வாசகரே, நீங்கள் சாட்சியாக இருங்கள். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை உங்கள்மீது சுமத்தப் போவதில்லை. அதை ஒரு லாரி நிறையக் கல் ஏற்கெனவே சொல்லிவிட்டது. பள்ளி நாள்தொட்டு மேடையேறியதும் நடுவரை வணங்கியே பேசத் தொடங்கியவன் நான். நடுவர் எந்த இடத்தில் புன்னகைப்பார், எந்த உவமைக்கு அவர் தாளில் மதிப்பெண் ஏறும் என்று முன்கூட்டியே கணித்துப் பேசுவேன். சாட்சியிடம் அந்தக் கணிப்புகளுக்கு வேலை இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும்.

நான் மலைமேலுள்ள ஆலத்தூர் நாட்டுக்காரன்; சில ஊர்கள் சேர்ந்ததை இங்கே நாடு என்போம். வீட்டில் மரவள்ளியும் மிளகும். கல்லூரிப் படிப்புக்காக மூன்றாண்டு கீழே இருந்தேன். படித்ததைவிடப் பேசியது அதிகம். பேச்சுப் போட்டிகளில் வாங்கிய கோப்பைகளை அம்மா சமையற்கட்டுப் பலகையில் வரிசையாக அடுக்கிவைத்தார். அவற்றுள் பெரியதில் காய்ந்த மிளகாய் போட்டு மூடியிருந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்றிருக்கும். இவ்வளவு பெரிய கோப்பைக்கு இவ்வளவுதானா மரியாதை என்று நினைத்துக்கொள்வேன்.

பட்டம் வாங்கித் திரும்பியபின் எங்கள் மலையிலேயே வேலை கிடைத்தது. ஒரு சிறிய கம்பெனி இங்கே பாக்சைட் வெட்டி எடுக்கிறது. அலுமினியம் காய்ச்ச உதவும் அந்தக் கல்லை நாங்கள் பொதுவாக மைன்ஸ் கல் என்போம். லாரி கீழே இறங்கும்முன் அதற்குரிய சீட்டை எழுதிக் கொடுப்பது என் வேலை. தகரக்கூரை போட்ட அலுவலகம். ஒரு மேசை, ஒரு கணினி, மூடுபனி இறங்கினால் எரியாத ஒரு விளக்கு. அங்கே உட்கார்ந்துகொண்டு, நான் இந்த வேலைக்குக் கொஞ்சம் அதிகப்படியானவன் என்று நினைத்தேன். பொய் சொல்லி என்ன, நிறையவே நினைத்தேன்.

அந்தக் கம்பெனியைப் பற்றிச் சொல்லாமல் மேற்கொண்டு போக முடியாது. அதன் குணம் தெரிந்தால்தான் நான் செய்த பிழையின் அளவு தெரியும்.

எங்கள் முதலாளி ராசிபுரம் பக்கத்துக்காரர். முன்பு வேறொரு மாவட்டத்தில் வளமான சுரங்கம் ஒன்றை நடத்தினார். அங்கே தோண்டிய இடமெல்லாம் நல்ல கல். இயந்திரம் வாரும், லாரி ஏற்றும், ஆலை வாங்கிக்கொள்ளும். கல்லை ஒருவரும் குனிந்து பார்க்கவேண்டிய தேவையே இருந்ததில்லை என்று அவரே சொல்வார். அது தீர்ந்தபின் அவருக்குக் கிடைத்தது எங்கள் மலையின் இந்த மேடுதான். மற்றவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய மேடு. காரணம், இங்குள்ள கல்லில் சத்துக் குறைவு. அலுமினியத்துக்கு ஆகாது. சிமெண்ட் ஆலைக்கு ஆகும். அதுவும் நல்லது கெட்டது பிரித்துக் கொடுத்தால்தான்.

முதலில் அவர் பழைய பழக்கத்திலேயே ஒரு பெரிய இயந்திரத்தைக் கொண்டைஊசி வளைவுகளில் பாடுபட்டு மேலே ஏற்றினார். அது நல்ல கல்லையும் களிமண்ணையும் ஒன்றாக வாரிப் போட்டது. ஆலை லாரி லாரியாக மறுத்தது. கடையை மூடிவிடலாம் என்ற முடிவுக்கு அவர் வந்திருந்த நேரத்தில்தான் அங்கே வேலை பார்த்த ஓர் அக்கா குறுக்கே வந்தார்.

அவர் வாசலூர்பட்டிக்காரர். கணவர் அங்கே படகு இல்லத்தில் சீட்டுக் கிழிக்கிறார். அக்காவுக்கு அப்போது பாதையில் புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்கும் வேலை. தெளிக்கும்போதெல்லாம் அவர் ஒன்றைக் கவனித்திருக்கிறார். சில கல் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சீக்கிரம் உலர்கிறது. சில கல்லின்மேல் தண்ணீர் வழவழவென்று நிற்கிறது. உலர்கிற கல்லையெல்லாம் பொறுக்கி, மதிய உணவு நேரத்தில் ஓரமாக ஒரு குவியல் சேர்த்துவந்தார். அதன்மேல் அடுப்புச் சாம்பலால் குறுக்காக ஒரு கோடு இழுத்துவைத்தார்.

அந்தக் கோடு எங்கள் மலையில் பிறந்த எவருக்கும் புரியும். சாமை அடித்துக் களத்தில் குவித்தபின், அளக்கிற வரைக்கும் குவியலின்மேல் சாம்பல் கோடு கிடக்கும். கோடு கலைந்திருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள். இயந்திரத்தை ஓட்டியவர் வெளியூர்க்காரர்; அவருக்கு அது தெரியாது. குவியலை வார வந்தவரை அக்கா கையை விரித்து மறித்து நின்றுவிட்டார். சத்தம் கேட்டு முதலாளி ஓடிவந்திருக்கிறார். "இதென்னம்மா கோடு?" என்று அவர் கேட்க, "மிஷினுக்குக் கண்ணு இல்லீங்க, எங்களுக்கு இருக்குதுங்க" என்றாராம் அக்கா.

அந்தக் குவியலை மட்டும் தனியாக ஒரு லாரியில் அனுப்பினார்கள். ஆலை முகம் கோணாமல் இறக்கிக்கொண்டது.

"அந்தக் கோடு போட்ட நாளுதான் கண்ணு நம்ம கம்பெனி பொறந்த நாளு. அதுக்கு முன்னால இருந்தது வேற கம்பெனி" என்று முதலாளி புதிதாக வருகிற எவரிடமும் சொல்வார். நான் சேர்ந்த அன்று எனக்கும் சொன்னார். மறுவாரம் மறந்துபோய் மறுபடியும் சொன்னார்.

அவர் சொன்னது மிகையில்லை. இயந்திரம் மலையிறங்கியது. சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து பெண்கள் கல் பொறுக்க வந்தார்கள். கடப்பாரையால் பெயர்த்துப் போட்டதை அவர்கள் உட்கார்ந்து பிரித்தார்கள். ஈரக் கல் ஏமாற்றும் என்பதால், பனி விலகிக் கல் உலர்ந்தபிறகே வேலை தொடங்கும். சாமைக்குக் களையெடுக்கவும் மிளகு பறிக்கவும் பெண்கள் காட்டுக்குப் போகிற நாள்களில் மைன்ஸுக்கும் விடுமுறை. கீழே நகரத்தில் கண்ணாடிக் கதவோடு இருந்த அலுவலகத்தைக் காலிசெய்துவிட்டு முதலாளி குவியலுக்கு இருபது அடி தள்ளித் தகரம் போட்டுக்கொண்டார். ஒதுக்கிய கல்லைக் கண்ட இடத்தில் கொட்டாமல், எடுத்த குழியிலேயே போட்டு மண்மூட வேண்டும் என்றும் விதி வைத்தார். அக்கா கல் பொறுக்குகிறவர்களின் தலைமைக்கு வந்தார். சீட்டில் அவர் கையெழுத்து இருந்தால், ஆலை வாசலில் கல்லைச் சோதிக்காமலே இறக்கிக்கொள்வார்கள். எங்களைவிட வளமான சுரங்கங்களுக்குக் கிடைக்காத சலுகை அது. ஏழைக் கல்லை வைத்துக்கொண்டு நம்பிக்கை ஒன்றைத்தான் விற்க முடியும் என்பதை அந்த மேடு முதலாளிக்குப் பழக்கியிருந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. அதில்தான் நான் நுழைந்தேன்.

ஒரு குவியல் இன்னும் சரியில்லை என்று பட்டால், பொறுக்குகிறவர் அதன்மேல் சாம்பல் கோடு இழுப்பார்; கோடு கிடந்தால் அதை ஏற்றக்கூடாது. ஏற்றலாம் என்று யாராவது எண்ணினால், எல்லாரும் குவியலைச் சுற்றி நிற்பார்கள். ஏற்றலாம் என்பவர் வலப்பக்கமும் கூடாது என்பவர் இடப்பக்கமும் நின்று தம் நியாயத்தைச் சொல்வார்கள். பிறகு ஒவ்வொருவரும் ஒரு கல்லை எடுத்துத் தமக்குச் சரியென்று பட்ட பக்கம் எறிவார்கள். எந்தப் பக்கம் கல் அதிகமோ அதுதான் முடிவு. ஏற்றலாம் என்று முடிவானால், கோட்டைப் போட்டவர் தம் கையாலேயே அதை அழித்துக் கையெழுத்தும் இடவேண்டும். இதற்குக் குவியல் பேச்சு என்று பெயர். பேச்சு என்றால் பெரும்பாலும் மூன்று நான்கு சொற்கள்: "நாஞ் சொல்றன், நல்லா இருக்குது." "இல்லீங்க, வழுக்குது." கல் எறிவார்கள். கலைந்துபோவார்கள்.

யார் பேசலாம் என்பதற்கு விதி எதுவும் இல்லை. யாரும் பேசலாம். அங்கே இருந்தவர்கள் எல்லாருமே கல்லைத் தொட்டு வேலை செய்கிறவர்கள் என்பதால், அப்படி ஒரு விதி தேவைப்படும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு வாரம். மூன்று லாரிகள் காலையிலிருந்து நின்றன. ஒரு குவியல் மட்டும் ஆயத்தமாக இருந்தது. அதன்மேல் அக்காவின் சாம்பல் கோடு. கல் பார்வைக்கு நன்றாக இருந்தது. பயறளவு மணிகள் புடைத்த, இளஞ்சிவப்புக் கல். மேற்கே வானம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் லாரியின் ஓட்டுநர், மீசையை முறுக்குவதைத் தவிர வேறெதிலும் அவசரப்படாதவர், அன்று என்னிடம் வந்து முணுமுணுத்தார்.

"ஏனுங் பேச்சாளரே, வானத்தப் பாத்தீங்களா? பனி எறங்கிருச்சுன்னா எனக்கு வளைவும் தெரியாது, பள்ளமும் தெரியாது. அந்த அக்காகிட்டச் சொல்லி ஏத்தச் சொல்லுங்க."

"கோடு போட்டிருக்காங்களே."

"கோட்ட அழிக்கத்தான உங்களுக்கு வாயிருக்குது. அப்புறம் அந்தக் கோப்பையெல்லாம் எதுக்குங்க, மொளகா போட்டு வெக்கவா?"

அவருக்கு அந்தச் செய்தி எப்படித் தெரிந்ததென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அது தைத்தது. நான் மேசையை விட்டெழுந்து போய்க் குவியலுக்கு வலப்பக்கம் நின்றேன்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். சீட்டு எழுதுகிறவன் குவியல் பேச்சுக்கு வருவது அதுவே முதன்முறை. "அடேயப்பா, இன்னிக்குக் கூட்டம் பெருசா இருக்குது. மைக்கு செட்டுக்குச் சொல்லியாச்சா?" என்றார் ஒருவர். "தம்பிக்கு ஒரு சோடா வாங்கி வெய்யிங்க" என்றார் இன்னொருவர்.

அக்கா இடப்பக்கம் நின்றார். முதலில் பேசவேண்டியவர் அவர்.

"மேல நல்லாத்தான் இருக்குதுங்க. பொத்துக்குள்ள களி புடிச்சிருக்குது. மழைத்தண்ணி அடியில எறக்கியிருக்கும்போல. கையில வழுக்குது. அவ்வளவுதானுங்க."

பிறகு நான் பேசினேன். என்ன பேசினேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நன்றாகப் பேசினேன் என்பதால் வெட்கம் கூடுகிறது. "ஒரு சரத்தில் நாலு மணி சொத்தை என்பதற்காக மிளகுக்கொடியையே வேரோடு பிடுங்குவோமா?" என்று கேட்டேன். "கிழங்கில் மண் ஒட்டியிருக்கிறது என்பதற்காக மரவள்ளியைக் காட்டிலேயே விட்டுவருவோமா?" என்று கேட்டேன். "உங்கள் கையால் பொறுக்கிய கல்லை நீங்களே நம்பாவிட்டால் ஆலைக்காரன் எப்படி நம்புவான்?" என்று ஒரு கேள்வியைப் போட்டு, நிறுத்தி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அந்த நிறுத்தத்தை நான் கல்லூரியில் பல நாள் பயின்றிருக்கிறேன். கடைசியில் மலையையும் மழையையும் உழைப்பையும் ஒரே வாக்கியத்தில் கோத்து முடித்தேன். லாரி ஓட்டுநர்கள் கைதட்டினார்கள். சோடா வாங்கச் சொன்ன பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நான் பேசிய நேரம் முழுவதும் என் கைகள் காற்றில்தான் இருந்தன. குவியலிலிருந்து ஒரு கல்லைக்கூட நான் எடுத்துப் பார்க்கவில்லை.

கல் எறிந்தார்கள். எண்ணிப் பார்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை. என் பக்கம் முழங்கால் உயரத்துக்குச் சேர்ந்தது. அக்காவின் பக்கம் ஐந்தாறு.

அவர் கோபப்படவில்லை. சேலைத் தலைப்பால் கோட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிதானமாகத் துடைத்தார். சீட்டை வாங்கிக் கையெழுத்திட்டார். பேனாவைத் திருப்பித் தரும்போதுதான் கேட்டார்.

"நல்லாப் பேசறீங்க தம்பி. கல்லு கேட்டுக்கிச்சுங்களா?"

நானும் சிரித்தேன். வென்றவன் சிரிப்பதுதான் நாகரிகம் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். லாரி, மழைக்கு முன்னால் இறங்கிப்போயிற்று.

மறுநாள் பிற்பகல் வளைவுகளுக்குக் கீழிருந்து ஒரு சத்தம் வந்தது. எங்கள் லாரிகள் மேலே வரும்போது வெறும் வண்டியின் தகரச் சத்தத்தோடு துள்ளி வரும். இந்தச் சத்தம் வேறு. எஞ்சின் முக்கி முனகி, ஒவ்வொரு வளைவிலும் மூச்சுவிட்டு ஏறியது. பெண்கள் ஒவ்வொருவராகக் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். இந்த மைன்ஸ் தொடங்கிய நாளாகப் பாரவண்டி இறங்கித்தான் பார்த்திருக்கிறார்கள், ஏறிப் பார்த்ததில்லை.

முதல் நாள் போன அதே லாரி. அதே கல். தார்ப்பாய்கூட அவிழ்க்கப்படவில்லை, ஓரத்தில் மட்டும் விலக்கிப் பார்த்திருந்தார்கள். மழைக்காலம் என்பதால் அன்று ஆலை வாசலில் எல்லா லாரிகளிலும் ஒரு கூடை எடுத்துக் கரைத்துப் பார்த்தார்களாம். எங்கள் கூடையில் பாதி, களியாகக் கரைந்து ஓடியிருக்கிறது.

ஓட்டுநர் இறங்கி, மீசையை முறுக்காமல், என்னிடம் நேராக வந்தார்.

"உங்க பேச்சு ரொம்பப் பாரமுங்க. கீழ எறக்க எடமில்லையாம். திருப்பிக் கொண்டாந்துட்டன்."

ஒருவரும் சிரிக்கவில்லை.

லாரியோடு ஒரு கடிதமும் வந்திருந்தது. அதை நான்தான் படித்துக் காட்டவேண்டியிருந்தது. களிபடிந்த கல்லுக்குக் கையெழுத்திட்டு அனுப்பியவரின் கையெழுத்தை இனி ஏற்கவேண்டுமா என்று ஆலையின் தர அதிகாரி நேரில் வந்து விசாரித்து முடிவெடுப்பார் என்று அதில் இருந்தது. என் பெயர் அதில் எங்கும் இல்லை. சீட்டில் பேச்சாளனுக்கென்று இடம் கிடையாது.

அக்காவின் கையெழுத்து செல்லாதென்றால் அவர் கோட்டுக்கும் வலு இராது. வலுவில்லாத கோட்டுக்கு எந்த லாரி நிற்கும்? பாதையில் தண்ணீர் தெளிக்கிற வேலைக்கே அவர் திரும்பவேண்டியதுதான். அக்கா, கடிதத்தின் மேல் இருந்த முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நாந்தானுங்க கோட்ட அழிச்சேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தம் இடத்தில் போய் உட்கார்ந்து கல் பொறுக்கத் தொடங்கினார்.

முதலாளி என்னைத் தனியே அழைத்தார். "கண்ணு, அந்த ஆபீசர் வரும்போது நீதான் பேசோணும். உன் வாய்க்கு இப்பத்தான் உண்மையான வேலை வந்திருக்குது. எப்படியாச்சும் அந்தம்மாளக் காப்பாத்திக் குடு."

மூன்று நாள் நான் உரை தயாரித்தேன். அருமையான உரை. கல் இங்கிருந்து நல்லதாகத்தான் போனது. வழியில் மழை பிடித்து, தார்ப்பாய் ஒழுகி, மேலிருந்த செம்மண் கரைந்து உள்ளே இறங்கிவிட்டது. ஆகவே குற்றம் வானத்தினுடையது. வானத்தை விசாரிக்க எந்த ஆலையாலும் முடியாது. அதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

தர அதிகாரி ஜீப்பில் வந்தார். நடுத்தர வயது, சேலத்துக்காரர், அதிகம் பேசாதவர். தகரக்கூரைக்குக் கீழே நாற்காலி போட்டோம். பெண்கள் சுற்றி நின்றார்கள். திரும்பி வந்த கல் எதிரிலேயே கொட்டிக்கிடந்தது. நான் எழுந்து நின்று தொடங்கினேன். பாதி தூரம் தங்குதடையின்றிப் போனேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். தலையாட்டும் நடுவரைக் கண்டால் எனக்குக் குரல் தானாக ஏறும், ஏறியது.

முடித்ததும் அவர் கேட்டார்: "சரிங்க. அப்ப, அந்தம்மா பாத்து அனுப்பும்போது கல்லு நல்லாத்தான் இருந்துச்சு. அப்படித்தானே?"

"ஆமாங்க."

"களி இருக்குமோன்னு அவங்களுக்குச் சந்தேகமே வரல."

அதிகாரி எதிரில் கொட்டிக்கிடந்த கல்லைப் பார்த்தார்.

"அப்ப மழைக்காலத்துல அவங்க கண்ணை நம்ப முடியாதுன்னு ஆவுது. மழைக்காலத்துக்கு மட்டுமாவது வேற ஆளு கையெழுத்துப் போடட்டும். நீங்க சொன்னதுலேர்ந்துதான் சொல்றேன்."

அவர் ஏமாற்றவில்லை, நான் கட்டிய வாதத்தின் கடைசிப் படியில் அவர் கால்வைத்தார், அவ்வளவே. எதிரணியில் நான் இருந்திருந்தால் அதையேதான் செய்திருப்பேன். அக்காவைக் காப்பாற்றக் கட்டிய வாதம் அவர் கண்ணையே பிடுங்கிக் கொடுத்துவிட்டது. அவர் அன்று கோடு போட்டிருந்தார் என்பதை மறைத்தால்தான் என் உரை நிற்கும். அதைச் சொன்னால் நான் விழுவேன். என்னோடு, பேச்சைக் கேட்டுக் கல்லை அனுப்புகிற கம்பெனி என்ற பெயரும் முதலாளிக்கு வரும். பெண்கள் என்னைப் பார்த்தார்கள். அக்கா பார்க்கவில்லை. அவர் கையில், திரும்பி வந்த குவியலிலிருந்து எடுத்த ஒரு கல் இருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"ஐயா, நான் இப்பச் சொன்னது பொய்யிங்க" என்றேன். குரல் மேடைக்குரலாக வரவில்லை. வீட்டில் பேசுகிற குரலாக வந்தது. "மழை வழியில புடிக்கலீங்க. களி இங்கயே இருந்துச்சு. இருக்குதுன்னு அக்கா சொன்னாங்க, கோடும் போட்டாங்க. நாந்தான் பேசி அழிக்க வெச்சேன்."

"நீங்க கல்லப் பாத்தீங்களா?"

"மேலாப்புல பாத்தனுங்க."

"கையில எடுத்து?"

"இல்லீங்க. ஒண்ணுகூட எடுக்கல."

"எவ்வளவு நேரம் பேசுனீங்க?"

"ஒரு அஞ்சு நிமிஷம் இருக்குங்க."

"அஞ்சு நிமிஷத்துல ஒரு லாரிக் கல்ல நல்ல கல்லா மாத்தியிருக்கீங்க. எங்க ஆலையில அதுக்கு ரெண்டு மாடி உசரத்துக்கு மிஷின் வெச்சிருக்கோம்" என்றார் அவர். பிறகு அக்காவிடம் கைநீட்டி, அவர் தேய்த்துக்கொண்டிருந்த கல்லை வாங்கினார். தண்ணீர் கேட்டு, நனைத்து, தாமும் தேய்த்துப் பார்த்தார். கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் திரும்பினார்.

"கையெழுத்து இவங்களோடதே இருக்கட்டும். ஆனா இனி எங்க வாசல்ல ஒவ்வொரு லாரியும் நிக்கும். கரைச்சுப் பாத்துத்தான் எறக்குவோம். எவ்வளவு நாளைக்குன்னு இப்பச் சொல்ல முடியாது."

அக்காவின் கையெழுத்து பிழைத்தது. கம்பெனிக்கு அவர் ஈட்டித்தந்த சலுகை போயிற்று. இன்றைக்கும் எங்கள் லாரிகள் அந்த வாசலில் வரிசையில் நின்றுதான் உள்ளே போகின்றன. ஓட்டுநர்கள் அதை எனக்கு நினைவூட்டத் தவறுவதில்லை.

ஜீப் போனதும் முதலாளி வெடித்தார். "இனிமே இங்க குவியல் பேச்சுன்னு ஒண்ணு கெடையாது! ஒருத்தர் கோடு போட்டா போட்டதுதான். யாரும் வாய் தொறக்கக்கூடாது."

சோடா வாங்கச் சொன்ன அதே பெண் முன்னால் வந்தார். "ஏனுங், அவருக்கு வாயி நீளமுன்னா எங்க வாயை ஏனுங் கட்டறீங்க? போன தையில நான் சொல்லித்தான ஒரு குவியலு தப்புச்சுது? அக்காவே கோட்டத் தப்பாப் போட்டிருந்துச்சு. கேட்டுப் பாருங்க."

"ஆமாங்க, தப்பாத்தான் போட்டிருந்தன்" என்றார் அக்கா, சிறிதும் தயங்காமல்.

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். சத்துள்ள கல்லாக இருந்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை என்று அப்போது நினைத்திருப்பார். வளமான சுரங்கத்தில் யாரும் யாரோடும் வாதாடவேண்டியதில்லை. இங்கே ஒவ்வொரு குவியலிலும் நல்லதும் கெட்டதும் கலந்தே பிறக்கின்றன; ஒருவர் கண்ணுக்குத் தப்பியதை இன்னொருவர் கண் பிடிக்கவேண்டும். பேச்சை நிறுத்தினால் கம்பெனியே பழைய இயந்திரமாகிவிடும். அது அவருக்கும் தெரிந்திருந்தது. ஆனாலும், "அப்ப இந்தப் பையன் மறுபடியும் வந்து நின்னு பேசுனா?" என்று கேட்டார்.

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"திரும்பி வந்த கல்ல மொதல்ல பிரிக்கட்டுங்க. அப்புறம் பேசிக்கலாம்" என்றார் அவர்.

ஒரு லாரிக் கல்லைக் கையால் பிரிப்பதென்றால் என்னவென்று அதுவரை எனக்குத் தெரியாது. பனி விலகியதும் உட்காருவேன். சீட்டு எழுத வேண்டியபோது எழுந்து, கையைக் கழுவி, எழுதிவிட்டு மறுபடியும் வந்து உட்காருவேன். நல்ல கல் கண்ணுக்குக் கனமாகத் தெரியும். கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிட லேசாக இருக்கும். கெட்டது மேலே அதேபோலத்தான் இருக்கும். அதன் பொத்துகளில் விரல் நுழைந்தால்தான் களி தெரியும். முதல் நாள் நான் நல்லது என்று போட்டதில் பாதியைப் பக்கத்திலிருந்த பெண் பேசாமல் எடுத்து மறுபக்கம் போட்டார். மூன்றாம் நாள் ஒன்றிரண்டைத்தான் எடுத்தார். விரல்நுனி தேய்ந்து, சோற்றில் கைவைத்தால் எரிந்தது. ஓட்டுநர் தினமும் ஒருமுறை எட்டிப் பார்த்து, "இன்னிக்கு எத்தன கல்லுகிட்டப் பேசுனீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்.

ஆறாம் நாள் குவியல் இரண்டாகப் பிரிந்து நின்றது. நல்லது சிறியது, ஒதுக்கியது பெரியது. ஒதுக்கியதைத் தட்டுக்கூடையில் சுமந்து அது வந்த குழியிலேயே கொட்டினேன். திரும்பிவந்தபோது பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுச் சிறிய குவியலைச் சுற்றி நின்றிருந்தார்கள். முதலாளி தகரக்கூரையின் கீழே நின்றார். லாரி பின்பக்கம் திறந்து கிடந்தது. குவியலின்மேல் கோடு எதுவும் இல்லை. அக்கா ஒரு சிரட்டையில் சாம்பலை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

"முதலாளி கேட்டதுக்குப் பதில் நீங்கதான் சொல்லோணும் தம்பி. குவியலுக்கு முன்னால நின்னு, எல்லாரு காதுலயும் விழற மாதிரி சொல்லுங்க. நீங்க சொல்றதப் பாத்துட்டுத்தான் இங்க பேச்சு இருக்கறதா வேண்டாமான்னு."

நான் குவியலுக்கு முன்னால் போய் நின்றேன். பழக்கத்தால் தலை வணங்கிற்று. வணங்க நடுவர் எவரும் இல்லை, கல்தான் இருந்தது. குனிந்து ஒரு கல்லை எடுத்தேன். பொத்துக்குள் விரல்விட்டுப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே உரக்கச் சொன்னேன்:

"கையில எடுத்துப் பாக்காத கல்லுக்கு இனிமே நான் வாய் தொறக்க மாட்டனுங்க. அப்படித் தொறந்தா, எம் பேச்சு மேலயே கோட்டப் போடுங்க, அக்கா."